சென்னைக்கும் யாழ்ப்பாணத்திற்கும் எவ்வளவு தூரம்?

சென்னையிலிருந்து மதுரைக்கு வானவழியே அளந்தால் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். கோயம்புத்தூருக்கு 400 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். யாழ்ப்பாணத்திற்கு? மீனம்பாக்கம் ஓடுபாதையிலிருந்து யாழ் நகருக்கு வடக்கே உள்ள பலாலி ஓடுபாதைக்கு 355 கிலோமீட்டர்தான். அதாவது, தமிழ்நாட்டின் தலைநகருக்கு மதுரையைவிடவும் கோவையைவிடவும் அண்மையில் இருப்பது யாழ்ப்பாணம்! நிலப்படத்தை விரித்து ஓர் அடிகோலை வைத்துப் பார்த்தால் எவருக்கும் விளங்கக்கூடிய உண்மைதான் இது. எனினும் நம்மில் பெரும்பாலோர் மதுரையைப் பக்கத்து ஊர் என்றும் யாழ்ப்பாணத்தைத் தொலைதூரம் என்றுமே எண்ணி வந்திருக்கிறோம். இந்த எண்ணம் எப்படி உண்டாயிற்று?

இருநாட்டு எல்லை என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் அவ்விடை போதாது. எல்லை ஏற்பட்ட பின்னரும் நெடுநாள் இந்த வழி திறந்தே இருந்தது. அது எப்பொழுது திறந்தது, எப்பொழுது அடைபட்டது, யாருக்குத் திறந்து யாருக்கு அடைபட்டது என்று ஆராய்ந்தால்தான் இவ்விரு நகரங்களுக்கிடையேயான உண்மையான தூரம் புலப்படும். இக்கட்டுரையில் நாம் செய்ய முனைவது அதைத்தான்.

முப்பது யோசனை

தமிழிலக்கியத்தில் வானவழிப் பயணத்திற்குத் தொலைவுக் கணக்குக் கூறும் காப்பியம் ஒன்று உண்டு. வகுப்பில் மணிமேகலையை நடத்தும்போது மாணவர்கள் சற்றே நிமிர்ந்து உட்காரும் இடம் அது. புகார் நகரின் உவவனத்தில் துயின்றிருந்த மணிமேகலையை மணிமேகலா தெய்வம் எடுத்துக்கொண்டு, வானத்து வழியே தெற்கு நோக்கி முப்பது யோசனை சென்று, மணிபல்லவத் தீவில் வைத்துவிட்டுப் போகிறது. மணிபல்லவம் யாழ்ப்பாணத்தை ஒட்டிய நயினாதீவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வேறு கருத்துடையோரும் உளர். நயினாதீவு என்றே கொண்டால், பூம்புகாரிலிருந்து அத்தீவு கிட்டத்தட்ட நேர்தெற்கே 170 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. முப்பதால் வகுத்தால் ஒரு யோசனைக்கு ஐந்தரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. யோசனை என்ற அளவு நூலுக்கு நூல் வேறுபடுவதால் இக்கணக்கைக் கொண்டு எதையும் நிறுவிவிட முடியாது. ஆனால் திசை பிழைபடவில்லை என்பதையாவது நாம் குறித்துக்கொள்ளலாம்.

அதே காப்பியத்தில் நமக்கு இதைவிட முக்கியமான மற்றொரு கதையும் இருக்கிறது. சாவக நாட்டிற்குக் கப்பலேறிய ஆபுத்திரன், கடலில் காற்று மிகுந்து மணிபல்லவத்தில் கப்பல் தங்கியபோது கரையில் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணி இரவிலே கப்பல் புறப்பட்டுவிடுகிறது. கையிலே அமுதசுரபி இருக்கிறது, உண்பதற்குத்தான் ஆளில்லை. அப்பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறான் ஆபுத்திரன். கப்பல் வராத தீவில் அமுதசுரபியும் பயனற்றுப் போகிறது என்பதே இக்கதையிலிருந்து நாம் கொள்ளும் பொருள். இதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டிய காரணம் பின்னர் விளங்கும்.

அச்சு இயந்திரமும் ஏட்டுச் சுவடியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாக்கு நீரிணையைக் கடப்பதென்பது பாய்மரத்தை நம்பிய பயணம். கோடியக்கரையிலிருந்து காங்கேசன்துறைக்கு நேர்கோட்டில் 55 கிலோமீட்டருக்கு மிகாது. காற்று வாய்த்தால் ஓரிரவு. வாய்க்காவிட்டால் எத்தனை நாள் என்று எவரும் சொல்லவியலாது. ஆயினும் பயணம் ஓயவில்லை. நல்லூர் ஆறுமுக நாவலர் அச்சு இயந்திரம் வாங்குவதற்காக 1849ஆம் ஆண்டு தமிழகம் வந்தார். 'நாவலர்' என்ற பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு அளித்தது அந்தப் பயணத்தின்போதுதான். பின்னர் சென்னையிலும் அச்சகம் நிறுவினார். 1864இல் சிதம்பரத்தில் பாடசாலை கண்டார். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவராய்த் தேறினார். வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை ஆகியவற்றை 1880களில் அச்சேற்றினார். இன்று நம் கையிலிருக்கும் பழந்தமிழ்ப் பதிப்புகளின் தொடக்கத்தைத் தேடிச் சென்றால், இக்கடலைக் கடந்து வந்தவர்களின் பெயர்களை விலக்கிவிட்டு ஓர் அடியும் நகர முடியாது.

1897ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர், கொழும்பிலிருந்து உள்நாட்டு வழியாக யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து கடல்வழியே 26ஆம் நாள் பாம்பனில் இறங்கினார் என்பதையும் இங்கே கூறவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து இந்தியா செல்லக் கொழும்புக்குத் திரும்பவேண்டும் என்ற எண்ணம் அன்று எவருக்கும் எழவில்லை.

ஒரே பயணச்சீட்டு

1914ஆம் ஆண்டு இத்தடத்தின் வரலாற்றில் பெரிய திருப்பம். பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. மார்ச் 1 அன்று தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் தூத்துக்குடி வரை ரயிலில் சென்று, அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலேறுவதே வழக்கம். 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி வெள்ளையர் கம்பெனியோடு மோதியது அந்தத் தடத்தில்தான். புதிய ஏற்பாட்டில் கடற்பயணம் சுமார் 20 மைலாகச் சுருங்கிற்று. எழும்பூரில் மாலையில் போட் மெயில் ஏறினால், மறுநாள் தனுஷ்கோடி. சில மணி நேரக் கப்பல். தலைமன்னாரில் காத்திருக்கும் இலங்கை ரயில். மூன்றாம் நாள் காலையில் கொழும்பு. யாழ்ப்பாணம் செல்வோர் மதவாச்சிச் சந்திப்பில் வடக்கு நோக்கிய வண்டிக்கு மாறிக்கொள்வர். சென்னையில் வாங்கும் ஒரே பயணச்சீட்டு கடலையும் சேர்த்தே கடக்கும்.

இந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று வருணிப்போர் உண்டு. நாம் அவ்வளவு விரைவில் அம்முடிவுக்கு வருவதற்கில்லை. போட் மெயிலின் முதல் வகுப்பில் சென்றவர்கள் எழுதிய நினைவுகளே நமக்கு மிகுதியாகக் கிடைக்கின்றன. அதே தடத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் நிறுத்திவைக்கப்பட்டு, நோய்த்தடுப்புச் சோதனைகளுக்குப் பின்னரே கப்பலேற்றப்பட்டனர். ஒரே கப்பல்தான்; ஆனால் ஒருவருக்குச் சில மணி நேரத் தொலைவில் இருந்த இலங்கை மற்றவருக்குப் பல நாள் காத்திருப்பிற்கு அப்பால் இருந்தது.

1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் அந்தத் தொழிலாளர் குடும்பங்களை நாடற்றோர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று முடிவாயிற்று. இரண்டு மாதம்கூட நிறைவுறவில்லை; டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு கடல் கொண்டது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது. பாட்டன் காலத்தில் தெற்கு நோக்கிப் போன குடும்பங்களைப் பேரன் காலத்தில் வடக்கு நோக்கிக் கொண்டுவந்து இறக்கியது அந்தக் கப்பல். 1984ஆம் ஆண்டு அதுவும் நின்றது.

வானவழி திறந்தது

இனி விமானத்திற்கு வருவோம். 1935 நவம்பர் 27 அன்று கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலாக ஒரு விமானம் தரையிறங்கியது. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? சென்னையிலிருந்து! ஓட்டி வந்தவர் மதராஸ் பறக்கும் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ. பலாலியில் ஓடுபாதை அமைந்தது இரண்டாம் உலகப்போரின்போது. அமைத்தது பிரிட்டிஷ் விமானப்படை. போர் முடிந்தபின் அது பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்தது.

1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. இரத்மலானை, காங்கேசன்துறை, சென்னை என்பது தடம். காங்கேசன்துறை என்று குறிக்கப்பட்டது பலாலி நிலையமே. விமானம் டகோட்டா வகை. அதற்கு இட்ட பெயர் சீதாதேவி. இலங்கைக்கு வானூர்தியில் கொண்டுசெல்லப்பட்ட சீதையின் பெயர், இலங்கையிலிருந்து புறப்படும் வானூர்திக்கு! பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததோ என்னவோ. அதை விடுப்போம். நாம் கருதவேண்டியது, சுதந்திர இலங்கை பிறப்பதற்கு இரண்டு மாதங்கள் முன்பே அந்நாட்டின் முதல் விமான நிறுவனம் தேர்ந்த முதல் தடத்தில் யாழ்ப்பாணமும் சென்னையும் இருந்தன என்பதே. டகோட்டாவின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவ்வேகத்தில் 355 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஒன்றேகால் மணி. ஏறுவதும் இறங்குவதும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம்.

பின்வந்த ஆண்டுகளில் பலாலியிலிருந்து திருச்சிக்கும் சேவை நடந்தது. 1970களின் இறுதியில் ஏர் சிலோன் முடிவுக்கு வந்தது. 1978 செப்டம்பர் 7 அன்று, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரத்மலானையில் நின்றிருந்த அந்நிறுவனத்தின் ஆவ்ரோ விமானம் குண்டு வெடித்து அழிந்தது. 1983 சூலையில் இனப்படுகொலை நிகழ்ந்தது. பலாலி படைத்தளம் ஆயிற்று. 1990இல் அதனைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற நேர்ந்தது. வீடுகளும் வயல்களும் கோயில்களும் பள்ளிகளும் உயர் பாதுகாப்பு வலயத்தினுள் அகப்பட்டுக்கொண்டன.

ஆயிரம் கிலோமீட்டர்

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம்? கணக்கிட்டுப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சாலைவழியே ஏறத்தாழ 400 கிலோமீட்டர். கொழும்பிலிருந்து சென்னைக்கு வானவழியே ஏறத்தாழ 645 கிலோமீட்டர். ஆக, 355 கிலோமீட்டரைக் கடக்க 1,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம். அதிலும் முதல் 400 கிலோமீட்டர் எதிர்த்திசையில்!

அந்த 400 கிலோமீட்டரும் எளிதில் கிட்டவில்லை. ஏ-9 சாலை 1990இல் அடைபட்டது. யாழ்தேவி ரயில் நின்றது. கிளாலிக் கடல்நீரேரியை இரவுநேரப் படகுகளில் உயிரைப் பணயம் வைத்து மக்கள் கடந்தனர். ஒரு பக்கத்தில் புலிகளின் அனுமதிச் சீட்டு, மறுபக்கத்தில் இராணுவத்தின் அனுமதி. பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் பறந்த சிறு விமானங்களும் காப்பானவையாக இல்லை. 1998 செப்டம்பர் 29 அன்று லயன் ஏர் விமானம் ஒன்று மன்னார்க் கடலில் வீழ்ந்து அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். 2002இல் போர்நிறுத்தத்தால் திறந்த ஏ-9, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, 2009இல் போர் முடிந்த பின்னரே திறந்தது.

நேர்வழியில் சென்றவர்களும் இருந்தனர். 1983க்குப் பின் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சிறு படகுகளில் பாக்கு நீரிணையைக் கடந்து இராமேசுவரம் கரையிலும் அதனையடுத்த மணல்திட்டுகளிலும் வந்திறங்கினர். இலங்கைக்குப் போகும் தொழிலாளர் தங்கவைக்கப்பட்ட அதே மண்டபம் முகாம், இலங்கையிலிருந்து வரும் அகதிகளின் முகாமாயிற்று.

இக்காலத்தில் நிகழ்ந்த மற்றொரு விந்தையையும் சொல்லிவிடுகிறோம். சென்னையும் யாழ்ப்பாணமும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் அமைந்தவை. இரு ஊர்களிலும் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் ஏறத்தாழ ஒரு நிமிட வேறுபாடுதான். ஆனால் 1996 மே மாதம், மின்பற்றாக்குறையைச் சமாளிக்க இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அக்டோபரில் அரைமணி குறைத்தது. அதன்பின் 2006 ஏப்ரல் வரை இலங்கையின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட அரைமணி முந்தியே ஓடியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளோ பழைய நேரத்தையே பின்பற்றின. ஒரே சாலையில் ஒரு சோதனைச் சாவடியைக் கடந்தால் கைக்கடிகாரத்தைத் திருப்பவேண்டிய நிலை! நேரம் என்பதும் அரசியலுக்கு அப்பாற்பட்டதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இன்றைய ஒன்றேகால் மணி

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் வந்திறங்கியது. நவம்பர் 11 முதல் வழக்கமான சேவை தொடங்கியது. நாலே மாதத்தில், 2020 மார்ச்சில், பெருந்தொற்று அதை நிறுத்தியது. 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கிற்று. 2024 செப்டம்பர் 1 அன்று இண்டிகோ நிறுவனமும் இத்தடத்தில் இறங்கியது. 2025 மார்ச் இறுதியில் அதே நிறுவனம் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்திற்குப் பறக்கத் தொடங்கியது.

இத்தடத்தில் அமர்த்தப்பட்டது ஏ.டி.ஆர். 72 என்னும் சுழல்விசிறி விமானம். அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். அவ்வாறாயின் 355 கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் போதுமே, கால அட்டவணை ஏன் ஒன்றேகால் மணி நேரமும் அதற்கு மேலும் காட்டுகிறது என்று வினவலாம். அட்டவணை நேரம் என்பது நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது தொடங்கி, மறுமுனையில் நிற்பது வரையிலான கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், முறை வரும்வரை காத்திருத்தல், உயரம் ஏறுதல், வேகம் குறைத்து வளைந்து இறங்குதல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். பயணம் எவ்வளவு குறுகியதாயினும் இவை குறைவதில்லை. அதனால்தான் 645 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கொழும்புக்கு ஜெட் விமானம் எடுத்துக்கொள்ளும் நேரமும், ஏறத்தாழ அதில் பாதித் தொலைவிலுள்ள யாழ்ப்பாணத்திற்கு இச்சிறு விமானம் எடுத்துக்கொள்ளும் நேரமும் பெரிதும் வேறுபடுவதில்லை.

நேர்கோட்டில் பறந்தால் கல்பாக்கத்தை அடுத்துக் கடல் தொடங்கும். பின்னர் வலப்புறத்தில் புதுச்சேரி, கடலூர், பூம்புகார், நாகப்பட்டினம், கோடியக்கரை என்று சோழநாட்டுக் கரை முழுவதும் வரிசையாய் வரும். மணிமேகலா தெய்வம் சென்ற திசையும் இதுவே.

இப்பொழுது இரு எண்களை அருகருகே வைப்போம். 1947இல் டகோட்டாவில் ஏறத்தாழ ஒன்றரை மணி. 2019இல் ஏ.டி.ஆர். விமானத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி. எழுபத்திரண்டு ஆண்டுக்கால விஞ்ஞான வளர்ச்சி நமக்கு மிச்சப்படுத்தித் தந்தது கால்மணி நேரம்! இடைப்பட்ட காலத்தில் நாட்கணக்காய் நீண்ட பயணத்தை நீட்டியதும் இயந்திரமன்று, சுருக்கியதும் இயந்திரமன்று. சட்டமும் போரும் ஒப்பந்தமுமே அதை நிர்ணயித்தன.

இன்னும் திறவாத வழி

வானவழி திறந்ததனால் பழைய தடம் முழுவதும் மீண்டுவிட்டதாகக் கருதுவது தவறு. விமானத்தில் செல்லப் பணம் வேண்டும். எளியவர்கள் அரிசி மூட்டையும் துணிப்பொதியும் பிள்ளைகுட்டிகளுமாய்ச் சென்றது கப்பலில். 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் 'செரியபாணி' கப்பல் விடப்பட்டபோது மகிழ்ந்தோம். ஒரே வாரத்தில், அக்டோபர் 20 அன்று, அது நின்றது. 2024 ஆகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' என்னும் கப்பல் தொடங்கிற்று. சுமார் 110 கிலோமீட்டர் கடல்வழி. நான்கு மணி நேரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் இடந்தருவதில்லை.

1914இன் தடமோ இன்னும் விந்தையான நிலையில் இருக்கிறது. தலைமன்னார் இறங்குதுறை வரை இலங்கை ரயில் 2015 மார்ச்சில் மீண்டும் ஓடத் தொடங்கியது. இப்பக்கம் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இரு கரைகளிலும் தண்டவாளம் வந்து நிற்கிறது. நடுவே இருபது சொச்சம் மைலுக்குக் கப்பல்தான் இல்லை.

பலாலியைப் பற்றியும் ஒரு சொல். அந்த ஓடுபாதையில் இறங்கும் மகிழ்ச்சியில், அதனைச் சூழ்ந்த நிலத்திற்கு உரியவர்களை மறந்துவிடலாகாது. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் மக்களிடம் திரும்பியது. போர் முடிந்தபின் நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. ஆனால் முழுவதும் விடுவிக்கப்படவில்லை. சென்னையிலிருந்து ஒன்றேகால் மணியில் பலாலியை அடையும் நமக்கு, வேலிக்கு அப்பாலுள்ள தம் வீட்டை அடைய முப்பத்தைந்து ஆண்டுகளாக முடியாதிருப்பவர்களும் அங்கே உண்டு என்பது தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்கு அத்தூரம் சில நூறு அடிகள்தாம்.

ஆபுத்திரன் கதையை முன்னர் குறிப்பிட்டதன் காரணம் இதுவே. அவன் கையில் பாத்திரம் இருந்தது, கப்பல் இல்லை. நமக்கும் ஒரே மொழி, ஒரே இலக்கியம், உறவு முறை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள எவ்வளவோ இருக்கின்றன. வழியில்லையேல் அவற்றை யாருக்கு யார் பரிமாறுவது? சென்னையில் அச்சாகும் நூல் யாழ்ப்பாணத்திலும், யாழ்ப்பாணத்தில் அச்சாகும் நூல் சென்னையிலும் எளிதாய்க் கிடைக்கும் நாளில்தான் 355 கிலோமீட்டர் என்ற எண் உண்மையாகும். தாமோதரம் பிள்ளை காலத்தில் அது ஓரளவு உண்மையாகவே இருந்தது.

வாசக அன்பர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் இல்லத்தில் போட் மெயிலில் சென்றவர்களோ, ஏர் சிலோனில் பறந்தவர்களோ, கிளாலியைக் கடந்தவர்களோ, மண்டபத்தில் காத்திருந்தவர்களோ இருப்பின், எத்தனை மணிக்குப் புறப்பட்டார்கள், எங்கெங்கே மாறினார்கள், என்ன கொடுத்தார்கள், எப்பொழுது போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். தொலைவை நிலப்படம் காத்துவைத்திருக்கும். பயணம் எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைப் பயணம் செய்தவர்கள்தாம் சொல்லவேண்டும்.